ஹெட்போனுக்கு லைன் கிளியர்

என் பழைய ஹெட்செட்டைக் கொன்றது நாற்காலிதான். சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி. அதன் காலில் ஒயர் சிக்கிச் சிக்கி மூன்று இடங்களில் தோல் உரிந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் இன்சுலேஷன் டேப் சுற்றியதில், எலியை விழுங்கிய பாம்பு மாதிரி ஆங்காங்கே புடைத்துக்கொண்டு கிடந்தது. கடைசிக் காலத்தில் இடது காதில் மட்டும்தான் சத்தம், அதுவும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தால்தான். மீட்டிங்கில் நான் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்பதைப் பார்த்துவிட்டு மேனேஜர் ஒருநாள், "கவனமா கேக்கறது நீங்க ஒருத்தர்தான்" என்று எல்லார் முன்னாலும் பாராட்டினார். அன்றே புதிது வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஒயரே இல்லாத ஹெட்போன் வந்து சேர்ந்தது. பட்டனை அழுத்தினேன். உள்ளே ஒரு பெண் குரல், பஸ் கண்டக்டருக்குச் சில்லறை இல்லாதபோது வருகிற எரிச்சலோடு, "பவர் ஆன்" என்றது. சரி, இனி கணினியில் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. செட்டிங்ஸைத் திறந்து புளூடூத்தைத் தேடினேன். இல்லை. இருந்தது ஏரோப்ளேன் மோடு மட்டும். திருச்சியில் உட்கார்ந்துகொண்டு எனக்கு எதற்கு அது? டிவைஸ் மேனேஜரைத் திறந்து வரிசையாகப் பார்த்தேன். அங்கேயும் புளூடூத் என்ற பேச்சே இல்லை. அரைமணி நேரம் டிரைவரைத் தேடி இறக்கிப் பார்த்த பிறகுதான் உறைத்தது: இது நான் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த டெஸ்க்டாப். புளூடூத் என்கிற பாகத்தை அதில் நான் வாங்கவே இல்லை. மாடே இல்லாத கொட்டிலில் பால் கறக்கச் சொம்போடு நின்றிருக்கிறேன்.

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் 350 ரூபாய்க்கு டாங்கிள் கிடைத்தது, கணினியின் யுஎஸ்பி ஓட்டையில் செருகினால் புளூடூத் தருகிற துண்டு. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்து, வீட்டில் அதைக் கண்டுபிடிக்கவே தனியாகப் பத்து நிமிஷம் ஆயிற்று. கணினிக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கட்டும் என்று செருகினேன். பிற்பாடு வந்த பாதித் துன்பத்துக்கு இதுதான் காரணம்.

ஹெட்போன் பட்டனை அழுத்துவதிலும் ஒரு பதம் இருக்கிறது. இரண்டு விநாடி அழுத்தினால் வெறுமனே ஆன் ஆகும். விடாமல் ஏழு விநாடி அழுத்திப் பிடித்தால்தான், விளக்கு சிவப்பும் நீலமுமாகப் போலீஸ் ஜீப் மாதிரி மின்னி, பேரிங் ஆக, அதாவது வேறு கருவியோடு சேர, தயார் என்று அர்த்தம். இதை அறியாமல் இருபது தடவை ஆன் செய்து ஆஃப் செய்துகொண்டிருந்தேன். ஒருவழியாக மின்னியது. கணினியில் ஒரு பட்டியல் விழுந்தது. எதிர்வீட்டு டிவி, யாருடைய காரோ, மாடியில் குடியிருக்கும் கல்லூரிப் பையனின் ஸ்பீக்கர், 'சிங்கக்குட்டி' என்று பெயர் வைத்திருக்கும் ஏதோ ஒரு போன். தெருவே வந்து வரிசையில் நின்றது. என் ஹெட்போன் மட்டும் கடைசியில் வந்தது.

பின்னாலிருந்து அப்பா, "என்னடா, லைன் கிளியர் கிடைச்சுதா?" என்றார்.

அப்பா திருச்சிக் கோட்டத்தில் சின்னச் சின்ன ஸ்டேஷன்களில் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மீட்டர்கேஜ் காலம். லைன் கிளியர் என்றால், வண்டியை அனுப்பலாம் என்று அடுத்த ஸ்டேஷன் தரும் சம்மதம். உலகத்தில் எது நடந்தாலும் அதை இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் ஒற்றைத் தண்டவாளத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவருக்குப் புரியும். என் கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தபோதுகூட, "அவங்க பக்கம் சிக்னல் இறங்கியாச்சு" என்றுதான் சொன்னார்.

"கனெக்டட்னு சொல்லுதுப்பா, ஆனா சத்தம் ஸ்பீக்கர்லதான் வருது."

"பாயிண்ட் மாத்தலை. வண்டி பழைய ரோட்லயே போகுது."

பார்த்தால் அதுதான். சத்தம் எதன் வழியாக வெளியே போக வேண்டும் என்பதை வேறு தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. அங்கே ஒரே ஹெட்போனுக்கு இரண்டு பெயர்கள். ஒன்று ஸ்டீரியோ, இன்னொன்று ஹேண்ட்ஸ்ஃப்ரீ. ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்பதில் மைக்கும் சேர்ந்து வருவதால் மேலானதாக இருக்கும் என்று நம்பி அதை அமுக்கினேன். மறுநாள் மீட்டிங்கில் அத்தனை பேரும் கிணற்றுக்குள் இருந்து பேசினார்கள். என் குரல் அதற்கும் கீழே, சேற்றுக்குள் இருந்து வந்ததாம்.

இதற்கும் அப்பாவிடம்தான் விடை இருந்தது. நான் படித்துச் சொன்னேன்: இந்த மாதிரி ஹெட்போன்களில் பாட்டு மட்டும் ஒரு திசையில் வரும்போது நல்ல தரத்தில் வரும். மைக்கைத் திறந்ததும் அது டெலிபோன் முறைக்கு மாறிவிடும். ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளந்து கொடுத்தது, 16,000-க்கோ 8,000-க்கோ இறங்கிவிடும். அப்பா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "சிங்கிள் லைன்ல அப்பும் டவுனும் ஓட்டினா ஸ்பீடு குறையத்தானே செய்யும்" என்றார். நாலு கட்டுரை படித்து எனக்குப் புரியாதது அதில் புரிந்தது. கேட்பதற்கு ஹெட்போன் ஸ்டீரியோ, பேசுவதற்கு வெப்கேமில் இருக்கும் மைக் என்று பிரித்துவிட்டேன். குரல்கள் கிணற்றை விட்டு மேலே வந்தன.

ஆனால் விட்டு விட்டு வந்தன. "இந்த மா... டார்கெட்... உங்க பொறுப்..." என்று கேட்டதற்கு நான் "சரி சார்" என்று சொல்லிவைத்ததில் என்னென்ன வேலையை ஏற்றுக்கொண்டேன் என்பது மாதக் கடைசியில்தான் தெரிந்தது. புளூடூத், பல வீட்டு வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை வட்டாரத்தில்தான் குடியிருக்கின்றன. நெரிசலில் மாட்டாமல் இருக்க, புளூடூத் 79 தடங்களுக்கு இடையே நொடிக்கு 1,600 தடவை தாவிக்கொண்டே இருக்கும். அவ்வளவு தாவத் தெரிந்த ஒன்றை நான் எங்கே கட்டிப்போட்டிருக்கிறேன் என்றால், இரும்புப் பெட்டிக்குப் பின்னால், இரும்பு மேசைக்கு அடியில், நீல நிற யுஎஸ்பி 3.0 ஓட்டையில். பக்கத்து ஓட்டையில் ஹார்டு டிஸ்க் வேறு. யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது கிளப்புகிற இரைச்சல் இதே 2.4 வட்டாரத்தில் வந்து விழுகிறது என்று இன்டெல் 2012-லேயே ஓர் அறிக்கை எழுதியிருக்கிறது. புஸ்ஸென்று இரைகிற கரி எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரகசியம் பேசச் சொன்னது போலத்தான். ஒரு முழ நீள எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளை மேசை மேலே பேனா ஸ்டாண்டில் குத்தி வைத்தேன். விக்கல் நின்றது.

அந்தச் சந்தோஷத்தில் அப்பாவுக்குக் கொஞ்சம் சரித்திரமும் சொன்னேன். புளூடூத் என்பது பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்ற ராஜாவின் பட்டப்பெயர், அவருக்கு ஒரு பல் செத்துக் கறுத்து நீலமாக இருந்ததாம், அவர் பெயரின் இரண்டு முதலெழுத்துகளை அந்தக் காலத்து ரூனிக் லிபியில் ஒன்றின் மேல் ஒன்றாக எழுதியதுதான் இந்தச் சின்னம் என்று.

"சொத்தைப் பல்லு பேரையா வச்சான்?" என்றார் அப்பா. "அப்ப விட்டு விட்டு வலிக்கத்தான் செய்யும்."

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. பெரியது ஒரு திங்கட்கிழமை வந்தது.

முந்தின நாள் ஞாயிறு, அம்மா உபன்யாசம் கேட்க ஹெட்போனை இரவல் கேட்டாள். அம்மாவின் போனில் நானேதான் சேர்த்துக் கொடுத்தேன். இந்த ஹெட்போன் ஒரே சமயத்தில் இரண்டு கருவிகளோடு ஒட்டிக்கொள்ளும் ரகம். அட்டைப்பெட்டியில் அதைப் பெருமையாகப் போட்டிருந்தார்கள், நானும் பெருமையாகத்தான் படித்தேன்.

திங்கள் காலை பத்து மணி. மீட்டிங்கில் பதினொரு பேர். என் வேலை ஏன் இன்னும் முடியவில்லை என்று மேனேஜர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் காதுக்குள் மணி அடித்தது. சமையல்கட்டில் அம்மாவின் போனும் அடித்திருக்கும். அம்மா வடாம் காயவைக்க மாடிக்குப் போயிருந்தாள். மணியை நிறுத்துவதற்காக ஹெட்போன் பட்டனை ஒரு தட்டுத் தட்டினேன். ஒரு தட்டு என்றால் போனை எடு என்று அர்த்தம். மேனேஜர் குரல் காணாமல் போயிற்று. அவர் என் பதிலுக்காக அமைதியாக இருக்கிறார் என்று நினைத்து, குரலை நன்றாகக் குழைத்துக்கொண்டு சொன்னேன்:

"ரெண்டே நாள் டைம் குடுங்க சார். எப்படியாவது குடுத்துடறேன்."

காதில் மன்னார்குடிச் சித்தி அலறினாள். "ஐயோ, எவ்வளவுடா வாங்கின?"

"சித்தி! நீங்களா? நான் வாங்கலை சித்தி."

"பின்ன யாருக்குடா ஜாமீன் போட்ட?"

"யாருக்கும் போடலை. சார் கேட்டார், நான் டைம் கேட்டேன், அவ்வளவுதான். அம்மா மாடியில வடாம் காயப் போடறா. அப்புறம் பேசச் சொல்றேன்."

நான் பிரித்து வைத்திருந்தேனே, பேச வெப்கேம் மைக் என்று. அது தன் கடமையை ஒழுங்காகச் செய்தது. என் பக்கத்துப் பேச்சு முழுவதையும் பதினொரு பேரும் கேட்டார்கள். அவர்கள் சிரித்தது மட்டும் எனக்குக் கேட்கவில்லை. திரையில் பதினொரு வாய்கள் சத்தமில்லாமல் திறந்து மூடின. மேனேஜர் சாட்டில் ஒரு வரி போட்டிருந்தார்: "வடாம் எங்களுக்கும் உண்டா?"

பதறிப்போய் ஹெட்போனை ரீசெட் செய்தேன். அதன் ஞாபகம் எல்லாம் அழிந்தது. ஆனால் கணினியில் பழைய பெயர் அப்படியே இருந்தது. தொட்டால் சுற்றுகிறது, சுற்றுகிறது, சேர மறுக்கிறது. மூன்று முறை ரீஸ்டார்ட் செய்தும் அதே கதை. மத்தியானத்துக்குள் கும்பகோணத்துப் பெரியப்பா போன் செய்துவிட்டார். கரூர் மாமா, "வட்டிக்கா, கைமாத்தா? கூச்சப்படாம சொல்லு" என்றார். என் மனைவி வேலை செய்யும் பள்ளிக்கூடம் வரைக்கும் செய்தி போய், மாலையில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஏங்க, எனக்குத் தெரியாம என்னங்க வாங்கினீங்க?" என்றாள்.

"டாங்கிள்" என்றேன். "350 ரூபாய்."

அப்பா அன்று ராத்திரி என் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் காலத்தில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நீல்ஸ் பால் டோக்கன் என்று ஒரு மெஷின் இருக்குமாம். உள்ளே இரும்புக் குண்டுகள். அடுத்த ஸ்டேஷன்காரர் அந்தப் பக்கத்தில் ஒத்துழைத்தால்தான் இந்தப் பக்கத்தில் ஒரு குண்டு வெளியே வரும். அதைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி டிரைவரிடம் நீட்டுவார்கள். அது கையில் இல்லாமல் வண்டியை அடுத்த செக்‌ஷனுக்குள் விடக்கூடாது. ஒரு குண்டு வெளியே இருக்கும்வரை இரண்டு மெஷினிலும் இன்னொன்று வராது.

"நீ என்ன பண்ணியிருக்க? இந்த ஸ்டேஷன்ல ரெஜிஸ்டரைக் கிழிச்சுட்ட. அந்த ஸ்டேஷன்ல பழைய கணக்கு அப்படியே இருக்கு. ரெண்டும் எப்படிடா ஒத்துப் போகும்?"

உண்மையாகவே விஷயம் அதுதான். முதல் தடவை சேரும்போது இரண்டு கருவிகளும் ஒரு சாவியைச் சேர்ந்து தயாரித்து, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்கின்றன. ஒன்று தொலைத்துவிட்டால் இன்னொன்றிடம் இருப்பதால் பிரயோஜனமில்லை. கணினியில் ஹெட்போன் பெயரை நீக்கினேன், அம்மா போனிலும் நீக்கினேன், ஹெட்போனை மறுபடி ஏழு விநாடி அழுத்தினேன். மூன்றாவது விநாடியில் சேர்ந்துகொண்டது. அப்பா எழுந்து போய்ப் படுத்துவிட்டார், பெரிய வார்த்தை எதுவும் சொல்லவில்லை. விசில் மட்டும் அடித்துக்கொண்டு போனார்.

ஆனால் அம்மா உபன்யாசத்தை விடுவதாக இல்லை. அதனால் மறுநாள் அப்பாவே ஒரு ஏற்பாடு செய்தார். உடைந்த பிரம்புக் கூடையின் வாய் வளையத்தைக் கழற்றி ஹால் சுவரில் ஆணியடித்து மாட்டினார். ஹெட்போனை எடுப்பவர் வளையத்தையும் எடுத்துப் போக வேண்டும். வளையம் யாரிடம் இல்லையோ அவர் கருவியில் புளூடூத் அணைந்திருக்க வேண்டும். பக்கத்தில் நூலில் கட்டிய பென்சிலோடு நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து: "09.50 - மீட்டிங்குக்கு லைன் கிளியர் கொடுக்கப்பட்டது. 11.20 - டோக்கன் திரும்ப வந்தது. சேதம் இல்லை."

இரண்டு வாரமாக ஒரு விபத்தும் இல்லை. நேற்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். ஈஸி சேரில் அப்பா ஹெட்போனோடு தூங்கிக்கொண்டிருந்தார், மடியில் வளையம். நோட்டைப் பார்த்தேன். அம்மா எழுதியிருந்தாள்: "20.10 - உபன்யாசம். எடுத்துக்கொண்டேன்." அதற்குக் கீழே அப்பா: "21.30 - எக்ஸ்பிரஸ்ஸுக்கு வழிவிடுவதற்காகப் பாசஞ்சர் லூப் லைனில் நிறுத்தப்பட்டது."

அம்மா இன்னும் அதைப் படிக்கவில்லை.