சினிமாச் சண்டையும் எங்கட வீட்டுச் சண்டையும்

குடும்பக் காமெடிப் படங்களில எனக்கு ஒரு கோபம் இருக்கு. சண்டை எண்டா எல்லாரும் ஹோலுக்கு வந்து வரிசையா நிப்பினம். ஒராள் பேசி முடியுமட்டும் மற்றாக்கள் வாய் திறக்கமாட்டினம். திருகோணமலையில எந்த வீட்டிலயப்பா இது நடக்குது?

எங்கட வீட்டில அம்மா குசினிக்குள்ள நிண்டு கத்துவா. அப்பா கிணத்தடியில இருந்து மறுமொழி சொல்லுவார். நடுவில அம்மம்மா, காது சரியாக் கேளாமல், "ஆர் வந்தது?" எண்டு கேட்டுக்கொண்டே இருப்பா. அந்த நேரம் பாத்து ஆரோ கேற்றைத் திறந்து விட்டிருப்பினம், மான் உள்ள வந்து செவ்வரத்தையை மேயும். (வெளியூர் ஆக்களுக்கு: ஓம், இங்க ரவுணுக்குள்ள புள்ளிமான் மாடு மாதிரித்தான் திரியும்.) சண்டையைப் பாதியில விட்டிட்டு எல்லாரும் மானைத் துரத்த ஓடுவம். எந்த டைரக்டர் இதை எழுதுவார்?

ஆனா விசுவைக் குறை சொல்ல ஏலாது. 1986இல வந்த 'சம்சாரம் அது மின்சாரம்' வசனத்தில நாடக வாடை அடிக்கும்தான், அவர் மேடையில இருந்து வந்தவர்தானே. எண்டாலும் சண்டைக்குக் காரணம் காசு. மூத்த மகன் கணக்குப் பாக்க, தகப்பன் வீட்டுக்கு நடுவில கோடு கீறுறார். கோடு கீறாத வீடுகளிலயும் அந்தக் கோடு இருக்கு.

இப்பத்தப் படங்களில வீடே இடியிற அளவுக்கு ரகளை, ஆனா குசினியில ஒரு கழுவாத சட்டி கிடக்காது. புட்டு அவியேக்க காஸ் முடியாது. போன கிழமை படம் பாக்கேக்க அம்மா ஒண்டுதான் கேட்டா: "உந்தச் சனத்துக்கெல்லாம் ஆர் சமைக்கிறது?"