ரஸ்கோல்னிகோவ் எண்ணிய 730 அடிகள்

சென்னயா சதுக்கத்து மெட்ரோவிலிருந்து மேலே வந்தபோது மாலை ஏழு மணி. ஜூலை மாதத்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அது மாலையே இல்லை; வெயில் முகத்தில் அடிக்கிறது. வேண்டுமென்றேதான் இந்த மாதத்தில் வந்தேன். தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவல் ஜூலைத் தொடக்கத்தில், புழுக்கம் தாங்காத ஒரு மாலையில்தான் தொடங்குகிறது.

அதன் நாயகன் ரஸ்கோல்னிகோவ், அடகு பிடிக்கும் ஒரு கிழவியைக் கொல்லத் திட்டமிடும், படிப்பை விட்ட ஏழை மாணவன். இதே சதுக்கத்தில்தான் அவன் விதி திரும்புகிறது. முந்தின கணம் வரை அவன் தப்பித்துவிட்டதாகவே நமக்குத் தோன்றும். குடிகாரர்கள் ஒரு குதிரையை அடித்தே கொல்வதாகக் கனவு கண்டு, சிறுவனாக அதன் ரத்த முகத்தைக் கட்டிக்கொண்டு அழுது, விழித்ததும் ‘நானா கோடரி எடுப்பேன்’ என்று நடுங்குகிறான். கொலைத் திட்டத்தைக் கைவிட்டு, மனம் லேசாகி வீடு திரும்புகிறான். ஆனால் தேவையே இல்லாமல் சுற்றுவழியாக இந்தச் சந்தைக்குள் வருகிறான். அந்தக் கிழவியின் தங்கை லிஸவேத்தா நாளை ஏழு மணிக்கு வீட்டில் இருக்கமாட்டாள் என்பது காதில் விழுகிறது. அவ்வளவுதான்.

தஸ்தயேவ்ஸ்கி தெருப் பெயர்களை முதலெழுத்தோடு நிறுத்திவிட்டார். ஊர்க்காரர்கள் அதையெல்லாம் அடையாளம் கண்டு வைத்திருக்கிறார்கள். நாவலின் ‘கே’ பாலம், கால்வாயின் மேலுள்ள கொக்கூஷ்கின் பாலம். அதைத் தாண்டினால், ரஸ்கோல்னிகோவ் குடியிருந்ததாகச் சொல்லப்படும் ஸ்டோல்யார்னி சந்து. தஸ்தயேவ்ஸ்கி நாவலை எழுதிய வீடும் பக்கத்திலேயே, கஸ்னச்சேய்ஸ்கயா தெரு 7ஆம் எண். 1866இல் தொடராக வெளிவந்த கதை, தன் வாசலில் கண்ட தெருக்களையே பேசியிருக்கிறது.

கிரஷ்தான்ஸ்கயா தெரு 19ஆம் எண் வீட்டை ‘ரஸ்கோல்னிகோவ் வீடு’ என்கிறார்கள். மூலையில் தஸ்தயேவ்ஸ்கியின் புடைப்புச் சிற்பம். கதவு பூட்டியிருந்தது, உள்ளே குடும்பங்கள் வசிக்கின்றன. அவன் பூனை போல இறங்கிய அந்த 13 படிகளைப் பார்க்க முடியவில்லை. சரி, நடக்கலாம் என்று கிளம்பினேன். இங்கிருந்து கிழவியின் வீட்டுக்குச் சரியாக 730 அடிகள் என்று அவன் முன்பே எண்ணி வைத்திருந்தான். என் காலுக்கு ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

எண்ணிக்கொண்டே போகும்போதுதான் ஒன்று உறைத்தது. கல்லூரி நாளில் படித்தபோது, இத்தனை இரக்கமுள்ளவன் எப்படிக் கொன்றான் என்பதே என் குழப்பம். எண்ணாமல் இருக்கும்போதெல்லாம் அவன் நல்லவன். மதுக்கடையில் சந்தித்த குடிகாரர் மர்மலாதவின் வீட்டில் பசித்த பிள்ளைகளைப் பார்க்கிறான்; கையிலிருந்த சில்லறையைச் சன்னலில் வைத்துவிட்டு வருகிறான். படியிறங்கும்போதே, உடலை விற்றுச் சோறு போடும் மூத்த மகள் சோனியா அவர்களுக்குத்தான் இருக்கிறாளே, எனக்கல்லவா பணம் வேண்டும் என்ற கணக்கு வந்துவிடுகிறது. நடைபாதையில் போதையில் தள்ளாடும் ஒரு சின்னப் பெண்ணை, பின்தொடரும் ஒருவனிடமிருந்து காப்பாற்ற 20 கோபெக் எடுத்துப் போலீஸ்காரரிடம் கொடுக்கிறான். மறுநிமிடம், எனக்கென்ன, விட்டுவிடுங்கள் என்று கத்துகிறான். எரியும் வீட்டிலிருந்து இரண்டு குழந்தைகளை அவன் மீட்டது விசாரணையில்தான் நமக்குத் தெரியவருகிறது. நெருப்புக்குள் நுழைந்தவன் அடிகளை எண்ணியிருக்கமாட்டான்.

கொலை அப்படியல்ல. அது முழுக்கக் கணக்கு. ஒரு பேன் போன்ற உயிர் போனால் ஆயிரம் உயிர் பிழைக்கும். நெப்போலியன் போன்ற அசாதாரண மனிதர்களுக்கு எல்லை தாண்ட உரிமை உண்டு. ரஷ்ய மொழியில் குற்றத்துக்கான சொல், ‘பிரெஸ்துப்லேனியே’, அதற்குள்ளேயே தாண்டிப் போதல் என்ற பொருள் இருக்கிறது. இவ்வளவு கணக்குப் போட்டவன், எடுத்த பணத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் ஒரு கல்லுக்கடியில் புதைத்துவிடுகிறான்! 317 ரூபிள் சொச்சம் என்பது பின்னால் வழக்கில்தான் தெரிகிறது.

கிழவியின் வீடு என்று சொல்லப்படும் கட்டடம், கிரிபயேதவ் கால்வாய்க்கரையில் 104ஆம் எண். ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் தெரு, நாவலில் உள்ளபடியே. எதிர்க்கரையில் நின்று நான்காம் மாடிச் சன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கிழவியைவிட லிஸவேத்தாதான் நினைவில் வந்தாள். நேரத்துக்கு முன்பே திரும்பி வந்துவிட்டவள். கோடரி ஓங்கியபோது கையைக்கூடச் சரியாகத் தூக்காதவள். அவள் எந்தக் கணக்கிலும் இல்லை. ஏன் அவளைப் பற்றி நினைக்கவே மாட்டேனென்கிறேன், நான் அவளைக் கொல்லாதது போல, என்று அவனே ஓரிடத்தில் வியக்கிறான். அந்த வரியில் இம்முறையும் எனக்குத் தொண்டை அடைத்தது.

திரும்பச் சென்னயாவுக்கு வந்தேன். சோனியா சொன்னபடி மண்டியிட்டு அவன் மண்ணை முத்தமிட்டது இங்கேதான். குடித்திருக்கிறான் என்று கூட்டம் சிரித்தது. ‘நான் கொன்றேன்’ என்ற சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. மணி பத்தரை. இன்னும் இருட்டவில்லை. எழுத்தாளருக்குச் சிற்பம் இருக்கிறது, கொன்றவன் பெயரில் வீடு இருக்கிறது. நான் நடந்த வழியில் லிஸவேத்தாவுக்கு ஒரு பலகையும் கண்ணில் படவில்லை. ஒரு பாட்டியிடம் சின்னப் பூங்கொத்து ஒன்று வாங்கி, மறுபடி கால்வாய்க்கரைக்கு நடந்தேன். இந்த முறை அடிகளை எண்ணவில்லை.