ஓகே ஆன ஷாட்டுக்கு இன்னொரு டேக்

“இன்னொரு வாட்டி போறேன் மாஸ்டர்” என்று அந்தப் பையன் சொல்லி முடிப்பதற்குள் நான் குறுக்கே விழுந்து, “வேணாம் மாஸ்டர், ஆளை மாத்திடலாம்” என்றேன். ஸ்டண்ட் மாஸ்டர் எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தார். அப்புறம் வேறொரு ஃபைட்டருக்குப் பேடு கட்டச் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது. ஆனாலும் இன்றுவரை மனசு அதைவிட்டு நகர மாட்டேன் என்கிறது.

முதல் டேக்கே ஏறக்குறைய ஓகேதான். அடி வாங்கிப் பின்னால் பறக்கிற மாதிரி காட்ட உடம்பில் கட்டி இழுக்கிற ரோப், ஒரு நொடி முந்திவிட்டது; அடி படுவதற்கு முன்பே உடம்பு பின்னால் கிளம்பிவிட்டது. விழுந்தவன் உடனே எழுந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். நடந்து வரும்போதுதான் கவனித்தேன். ரெண்டு எட்டு வைப்பதும், பெல்ட்டைச் சரிசெய்கிற சாக்கில் நிற்பதுமாக வந்தான். இடது காலை முழுசாக ஊன்றவில்லை. அந்தப் பெல்ட் வித்தை எனக்கு நன்றாகவே தெரியும். நானும் செய்ததுதான்.

அன்று சாயந்திரம் கேட்டான்: “என் உடம்பு எனக்குத் தெரியாதாண்ணே?”

“தெரியும்டா. அதனாலதான் மறைக்கிற.”

“நீங்களும் மறைச்சுத்தானேண்ணே இந்த இடத்துக்கு வந்தீங்க?”

ரோப்பைச் சுருட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

புதுப் பையன்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது ஜாக்கி சான் கதை. 1986-ல் யூகோஸ்லாவியாவில் ‘ஆர்மர் ஆஃப் காட்’ படப்பிடிப்பு. சுவரிலிருந்து மரத்துக்குத் தாவும் ஷாட். முதல் தடவை சரியாகவே தாவிவிட்டார். அவருக்குத் திருப்தி இல்லை. மறுபடி தாவியபோது கிளை முறிந்து கீழே விழுந்தார். மண்டையோடு உடைந்து ஆபரேஷன் வரை போனது. அந்தப் படத்துக்கு ஹீரோவே அவர்தான். விழுகிறவனே “ஒன் மோர்” சொல்கிற இடத்தில் “போதும்” சொல்ல யார் இருப்பார்கள்? அதற்குத்தான் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்பது என் கட்சி.

ஆனால் அந்தக் கதையையே திருப்பிப் பிடித்தால் என்னைத்தான் குத்துகிறது. திருப்தி இல்லாத அந்தக் குணம் இல்லையென்றால், 1983-ல் ‘ப்ராஜெக்ட் ஏ’-யில் மணிக்கூண்டிலிருந்து துணிப்பந்தல்களைக் கிழித்துக்கொண்டு அவர் விழுந்த அந்த விழுகை ஏது? அதைப் பார்த்துவிட்டு வீட்டை எதிர்த்து இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். கெட்டிக்காரத்தனமாக நிறுத்தத் தெரிந்த ஒருத்தரைப் பார்த்து யாரும் ஃபைட்டர் ஆவதில்லை.

அப்படியானால் அவனை விட்டிருக்க வேண்டுமா? இல்லை. ரோப்பில் கை வைத்திருந்தவன் நான். ஏதாவது ஆகியிருந்தால் எல்லோரும் முதலில் என் முகத்தைத்தான் பார்த்திருப்பார்கள். சரி, அப்போது நான் காப்பாற்றியது அவன் காலையா, என் பெயரையா? இதை எழுதும்போதும் ரெண்டும்தான் என்று தோன்றுகிறது. எது முதலில் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

மாற்றாக இறங்கியவன் அலுங்காமல் விழுந்து எழுந்தான். அந்த ஃபாலுக்கான கூடுதல் பணமும் அவனுக்கே போனது. படத்தில் பார்த்தால், வைத்திருந்தது முதல் டேக். முகம் தெரியாது. ஆனால் இடது தோள் முதலில் இறங்குவதை வைத்து அது யார் என்று எனக்குத் தெரியும்.

பையன் இப்போது வேறொரு மாஸ்டரிடம் போகிறான். கால் எப்படி இருக்கிறது என்று இதுவரை யாரிடமும் விசாரிக்கவில்லை. என்ன பதில் வந்தால் எனக்கு நிம்மதி என்பதே குழப்பமாக இருக்கிறது.