ஒரு 1 கூடிப்போன முகவரி

பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் ராஸ்பெர்ரி பை 3 போர்டுக்குச் சொந்தமாக ஒரு குட்டி கர்னல், அதாவது ஓஎஸ்ஸின் மையப் பகுதி, எழுதிக்கொண்டிருக்கிறான். போன வாரம் பென் டிரைவோடு வந்தான். "அண்ணா, மாட்யூல் லோடர் எழுதிட்டேன். கியூஎமுவுல நல்லா ஓடுது, போர்டுல போட்டா செத்துப்போவுது. இன்னான்னு பாருங்கணா." மாட்யூல் என்பது கர்னல் ஓடும்போதே அதில் ஏற்றும் துண்டு, ஏற்றுவது லோடர். கியூஎமு, போர்டு இல்லாமலே கம்ப்யூட்டருக்குள் ஒரு பாவனை மெஷினை ஓட்டும் மென்பொருள்.

வேலூர் சத்துவாச்சாரியில் மே மாதம் ராத்திரி பத்து மணிக்கும் வீட்டுக்குள் உட்கார முடியாது. மொட்டை மாடிக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்துப் பாய் விரித்தோம்.

மாட்யூல் தன் முதல் வேலையாக கர்னலின் பிரிண்ட் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. அங்கேயே சாவு. அந்த ஃபங்ஷன் இருக்கும் முகவரியின் கடைசி எட்டு இலக்கம் 00091840. பிராசசர் போய் விழுந்ததாக ஈஎல்ஆர் ரெஜிஸ்டர் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் குட்டிச் சேமிப்பிடம்) காட்டியது 10091840. இரண்டையும் காகிதத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினேன். ஒரே ஒரு 1 கூடுதல். முகவரியை எழுதும் பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ்) அந்த இடத்து 1 என்றால் சரியாக 256 எம்பி. பிழை இப்படி இரண்டின் அடுக்காகக் கச்சிதமாக வந்தால், எங்கோ பிட் வெட்டுப்பட்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

இந்த போர்டின் பிராசசர் வகையான 64 பிட் ஆர்மில் ஃபங்ஷனைக் கூப்பிடும் பிஎல் கட்டளை மொத்தமே 32 பிட். "இது அழைப்பு" என்று சொல்ல 6 பிட் போய்விடும். மிச்சம் 26 பிட்டில் தூரத்தை எழுத வேண்டும். தூரத்தை நான்கு நான்கு பைட்டாக எண்ணுவதால் முன்னால் 128 எம்பி, பின்னால் 128 எம்பி எட்டும். அதற்கு மேல் எட்டாது. பாகாயத்தில் ஏறினால் டவுன் பஸ் காட்பாடி வரைதான். சித்தூர் போகிறவர் அங்கே இறங்கி வேறு பஸ் மாற வேண்டும்.

போர்டில் மாட்யூலுக்குக் கிடைத்த இடம் 12000000, அதாவது 288 எம்பி. கர்னல் கீழே அடியில் இருக்கிறது. தம்பியின் கோடு (நிரல்) 288 எம்பி பின்னால் போகும் தூரத்தை இரண்டு பிட் நகர்த்தி, 26 பிட்டுக்கு மேலே இருப்பதை வெட்டும் மாஸ்க் போட்டு, கட்டளைக்குள் திணித்துவிட்டது. 256 எம்பி வெட்டுப்பட்டு, எஞ்சியது வெறும் 32 எம்பி. "எட்டுமா?" என்று கேட்கும் ஒரு வரி கிடையாது. அங்கே மெமரி மேப் ஆகாமல் இருந்ததால் செத்தது, நல்லதாகப் போயிற்று. வேறு ஏதாவது கோடு இருந்திருந்தால் அதையே ஓட்டியிருக்கும். நாங்கள் ஒரு மாதம் தேடியிருப்போம்.

கியூஎமுவில் ஏன் ஓடியது? அதில் தம்பி ஓட்டிய 'விர்ட்' என்ற பாவனை மெஷினுக்கு நாமாகச் சொல்லாவிட்டால் ரேம் 128 எம்பிதான். அந்த ரேமுக்குள் எங்கே வைத்தாலும் எட்டும்.

"லிங்கர் தானே இதெல்லாம் பாத்துக்கும்ணா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. கோடு துண்டுகளைக் கோத்து ஒரே ஃபைலாக்குவதுதான் லிங்கர். கர்னலை லிங்க் செய்யும்போது எட்டாத அழைப்புக்கு லிங்கரே நடுவில் ஒரு குட்டிக் கோடு வைத்துவிடும், வெனீர் என்பார்கள். மாட்யூலோ முழுதாக லிங்க் ஆகாத ஃபைல். எங்கே போய் உட்காரும் என்று லிங்கருக்குத் தெரியாது. அதனால் அந்த வேலை லோடரின் தலையில். லினக்ஸிலும் அப்படித்தான்: கர்னலின் முகவரியை பூட் ஆகும்போதே கலைத்துப்போடும் வசதி 64 பிட் ஆர்முக்கு 2016-இல் 4.6 பதிப்பில் வந்தபோது, மாட்யூல் லோடரில் இந்த ஏற்பாடும் வந்தது. லினக்ஸில் அது இருக்கும் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டே எங்களுடையதை எழுதினோம்.

எங்கள் வெனீர் 16 பைட்: முகவரியை ரெஜிஸ்டரில் ஏற்று, அதற்குத் தாவு, பின்னாலேயே 8 பைட்டில் முகவரி.

தம்பி முதலில் எக்ஸ்0 ரெஜிஸ்டரைப் பிடித்தான். அது முதல் ஆர்க்யுமென்ட் போகும் ரெஜிஸ்டர். பிரிண்டுக்குக் குப்பைதான் போய்ச் சேரும். இந்த மாதிரி இடைத்தாவலுக்கென்றே எக்ஸ்16, எக்ஸ்17 ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். அதை மாற்றினால் அடுத்தது: வெறுமனே தாவும் பிஆர் கட்டளை போடாமல், கூப்பிட்டுத் திரும்புவதற்கான பிஎல்ஆர் போட்டிருந்தான். பிஎல்ஆர் திரும்பும் முகவரியை அழித்துப் புதிதாக எழுதிவிடும். காட்பாடியில் பஸ் மாறும்போது, பாகாயம் திரும்பும் டிக்கெட்டைக் கிழித்துவிட்டுக் காட்பாடிக்கே ஒரு டிக்கெட் கொடுத்த கதை. ஃபங்ஷன் முடிந்து வெனீருக்கே திரும்பி, அங்கிருந்த 8 பைட் முகவரியைக் கட்டளை என்று நினைத்து ஓட்டப் பார்த்தது. தெரியாத கட்டளை என்று சாவு.

மூன்றாவதைக் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு ராத்திரி ஆனது. சில தடவை ஓடும், சில தடவை ஓடாது. மெமரியின் நகலைப் பிராசசர் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் இடம் கேஷ்; டேட்டாவுக்கு ஒன்று, கட்டளைக்கு ஒன்று. புதிதாக எழுதிய வெனீர் டேட்டா கேஷிலேயே நிற்க, இன்ஸ்ட்ரக்‌ஷன் கேஷ் பழசைப் படிக்கிறது. டேட்டா கேஷைச் சுத்தம் செய்து, இன்ஸ்ட்ரக்‌ஷன் கேஷைச் செல்லாததாக்கி, இவை முடியும்வரை பிராசசரைக் காக்கவைக்கும் பேரியர் கட்டளையும் போட்டதும் அந்தச் சாவு நின்றது. கியூஎமு கேஷையே பாவனை செய்வதில்லை, அதில் இது ஆயுளுக்கும் தெரியாது.

இப்போது சோதனை மாட்யூலில் வெளியே போகும் அழைப்பு 41, கூப்பிடப்படும் ஃபங்ஷன் 9. ஒரு ஃபங்ஷனுக்கு ஒரு வெனீர் போதும் என்பதால் 144 பைட்டில் முடிந்தது. எட்டினால் நேராகவே போகும், எட்டாவிட்டால்தான் வெனீர். பழைய வெட்டு வரி இருந்த இடத்தில் இப்போது, வெனீரும் எட்டாவிட்டால் லோடு தோற்று, பிழை எண் திரும்புகிறது.

ஏற்றிய மாட்யூலைத் திரும்ப நீக்கும் பகுதியை இன்னும் தொடவில்லை. போர்டில் கை வைக்க முடியாத சூடு. ஹீட்சிங்க் ஒன்று வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.