எட்டில் ஒன்று

மே 4, 2025, ஞாயிறு

கத்திரி இன்று ஆரம்பம். காலை பத்து மணிக்கே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை.

மாடியில் இரண்டு அறைக்கும் ஆள் வந்துவிட்டார்கள். ஒன்றில் திரிபுராவிலிருந்து வந்த, சக்மா என்ற பழங்குடியைச் சேர்ந்த தம்பதி. பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வைத்தியம் அவர் மனைவிக்கு. இன்னொரு அறையில் கர்நாடகத்துப் பைலகுப்பே மடத்திலிருந்து ஒரு திபெத்து பிட்சு, நாற்பது வயது, கல்லீரல் கோளாறு. இரண்டு பேரும் பௌத்தர்கள். நாங்களும் பௌத்தர்கள்தான். வேலூர் தோட்டப்பாளையத்தில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்குப் பதினைந்து வருடமாக அறை விடுகிறோம், இப்படி ஒரு தடவைகூட அமைந்ததில்லை.

சாயங்காலம் சக்மா அம்மா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். மடியில் ஃபைல். போன ஜென்மத்தில் என்ன பாவம் செய்தேனோ என்று வங்காளியில் சொன்னார். எனக்கு அந்த பாஷை அரைகுறைதான், ஆனால் இந்த வாக்கியம் மட்டும் நன்றாகப் புரியும். இதே படிக்கட்டில் இந்தியில், தெலுங்கில், தமிழில் எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பதில் தெரியாமல் மோர் கலக்கிக் கொடுப்பேன். இன்றும் மோர்தான்.

மே 5, திங்கள்

நைனா (என் அப்பா) விடியற்காலையிலேயே பண்டிதர் படத்துக்குக் கதம்பம் வாங்கிப் போட்டுவிட்டார். அயோத்திதாசப் பண்டிதர் 1914இல் காலமான நாள். சக்மா தாத்தா கீழே வந்து, அம்பேத்கரைத் தெரியும், பக்கத்தில் இருப்பது யார் என்றார். நைனாவுக்கு அதுபோதும்.

எங்கள் தாத்தா பேரணாம்பட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போனவர். மாரிக்குப்பத்தில் ராத்திரிக் கூட்டங்களில் கேட்டுக் கேட்டுத்தான் பஞ்சசீலம், அதாவது பௌத்தத்தின் ஐந்து ஒழுக்கங்கள், எடுத்தார். பண்டிதர் 1898இலேயே இலங்கைக்குப் போய்த் தீட்சை பெற்று வந்து, சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' வாரப் பத்திரிகை. தங்கவயல், திருப்பத்தூர் என்று கிளைகள். அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் ஏற்றது 1956 அக்டோபர் 14. அதற்கு 58 வருடம் முன்பே நம்ம பக்கத்துக் கூலிக்காரன் புத்தம் சரணம் சொல்லிவிட்டான் என்று நைனா சொல்லும்போது குரல் உடையும். நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில்தான் உடையும்.

மே 9, வெள்ளி

பிட்சு ஏழு கிண்ணம் கிடைக்குமா என்று கேட்டார். பாயசக் கிண்ணம், எவர்சில்வர், ஏழு கொடுத்தேன். ஜன்னல் திண்டில் வரிசையாக வைத்தார். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு பார்லி மணி அளவு இடைவெளி. ஒட்டவும் கூடாது, விலகவும் கூடாது. இடமிருந்து வலமாகத் தண்ணீர் ஊற்றினார், விளிம்புக்கு ஒரு மணி கீழே நிறுத்தி. ஒரு சொட்டு வெளியே போகவில்லை. சாயங்காலம் வலமிருந்து இடமாகக் காலி செய்து, துடைத்து, கவிழ்த்து வைத்தார். அந்தத் தண்ணீர் எங்கள் கறிவேப்பிலைச் செடிக்குப் போனது.

ஏன் தண்ணீர் என்றேன். கொடுக்கும்போது மனசு பின்னால் இழுக்காத பொருள் தண்ணீர்தான், அதனால் என்றார் (அவரோடு இந்திதான்). எங்கள் ஊரில் மனசு இழுக்கிறதே தண்ணீருக்குத்தான், கோடையில் குழாயில் முறை வைத்துத்தான் வரும் என்றேன். சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் இந்தத் தானம் உங்களுடையது" என்றார்.

மே 12, திங்கள்

பௌர்ணமி. வைகாசி இன்னும் பிறக்கவில்லை, ஆகவே நமக்குச் சித்ரா பௌர்ணமி. பஸ் ஸ்டாண்டில் திருவண்ணாமலைக் கிரிவலக் கூட்டம். சக்மா தாத்தாவுக்கு இதே நிலா வைசாக பூர்ணிமா: புத்தர் பிறந்தது, ஞானம் பெற்றது, பரிநிர்வாணம் அடைந்தது மூன்றும் ஒரே நாளில். பிட்சுவுக்கு இன்று இல்லை. திபெத்துப் பஞ்சாங்கத்தில் நாலாம் மாதப் பௌர்ணமி ஜூன் 11ஆம் தேதிதானாம். நிலா ஒன்றுதான், மாதக் கணக்கு வேறு.

ராத்திரி எல்லாரையும் மொட்டை மாடிக்கு அழைத்தோம். தரை அப்போதும் சுட்டது, தண்ணீர் தெளித்துப் பாய் போட்டோம். முதலில் நைனா, எங்கள் தாத்தாவிடம் கற்ற மாதிரி, புத்தம் சரணம் கச்சாமி. பிறகு சக்மா தாத்தா, "புத்தங் ஷொரொணங் கொச்சாமி". அதே பாலி, வங்காளி வாயில் உருண்டு வந்தது. பிட்சு சொன்னதில் நாலு வரி இருந்தது. முதல் வரி லாமாவுக்குச் சரணம், அப்புறம்தான் புத்தர், தர்மம், சங்கம்.

நைனா நிமிர்ந்தார். "புத்தருக்கு முன்னாடி குருவா? இது இன்னா நியாயம்?"

நான் இந்தியில் கேட்டேன். "புத்தரை நான் பார்த்ததில்லை. அவரைக் காட்டியவரைப் பார்த்திருக்கிறேன்" என்றார் பிட்சு. சக்மா தாத்தா ஒப்பவில்லை. எனக்குப் பின் தர்மமே உங்கள் ஆசான் என்று புத்தர் கடைசியில் சீடர் ஆனந்தரிடம் சொல்லிப் போனதை எடுத்து வைத்தார். நைனா அம்பேத்கரின் 22 உறுதிமொழிகளில் ஐந்தாவதைச் சொன்னார்: புத்தரை விஷ்ணுவின் அவதாரம் என்று நம்பமாட்டேன். மற்ற இருவருக்கும் அதை ஏன் உறுதிமொழியாகவே எடுக்க வேண்டும் என்பது புரியவில்லை. திரிபுராவிலும் திபெத்திலும் புத்தரைக் கோயிலுக்குள் இழுத்துப் பத்தில் ஒன்றாக நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் இல்லை. நமக்கு இருந்தது. ஒவ்வொரு பிரிவும் எந்தக் காயத்துக்குக் கட்டுப் போட்டதோ, கட்டு அந்த வடிவத்தில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

மே 13, செவ்வாய்

நைனா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் லாஸ்டிங் பிரிவில் முப்பது வருடம் இருந்தவர். நிலையான ஆத்மா என்று ஒன்று இல்லை என்கிற அனாத்மாவைப் பற்றிப் பேச்சு வந்ததும் உள்ளே போய் ஒரு பழைய ஷூவை எடுத்து வந்து, கத்தியால் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். சோல், ஹீல், இன்சோல், அப்பர், லைனிங், நூல். பசை காய்ந்து சருகு மாதிரி உதிர்ந்தது. ஆறையும் பேப்பரில் பரப்பி, "இதுல ஷூ எங்க?" என்றார். சக்மா தாத்தா கையைத் தட்டினார். பழைய பாலி நூலில் நாகசேனர் என்ற பிட்சு மிலிந்த ராஜாவிடம் தேரை வைத்துக் கேட்ட அதே கேள்வி. அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? பாகங்கள் கூடியபோது வழங்கும் பெயர்தான் தேர். உடல், நுகர்ச்சி, குறிப்பு, மனச்செயல், அறிவு என்ற ஐந்து கந்தங்கள் கூடியதற்கு வழங்கும் பெயர்தான் நான்.

பிட்சு சோலைக் கையில் எடுத்தார். இந்தச் சோலிலும் சோல் இல்லையே, ரப்பர். ரப்பரிலும் ரப்பர் இல்லை, மரம், மழை, வெட்டின கை. மகாயான ஆசிரியர் நாகார்ஜுனர் இதைத்தான் சூன்யம் என்றார். ஒன்றுமே இல்லை என்று பொருள் இல்லை, எதுவும் தனியே தன் காலில் நிற்கவில்லை என்று பொருள். சக்மா தாத்தாவின் தேரவாதம் மனிதனைப் பிரித்துப் பார்த்தது, நாகார்ஜுனர் வழி வந்த மாத்யமிகம் பிரித்த துண்டையும் பிரித்தது. பள்ளிக்கூடத்தில் ஈனயானம், மகாயானம் என்று இரண்டு வரி மனப்பாடம் செய்தேன், ஒன்றும் புரிந்ததில்லை. (ஈனயானம் என்பது எதிர்த்தரப்பு வைத்த பெயர். ஈனம் என்றால் தாழ்ந்தது. சக்மா தாத்தா முன்னால் அந்த வார்த்தையை நான் சொல்லமாட்டேன்.)

மே 17, சனி

சண்டை. நைனா சத்தம் போட்டு நான் கேட்டு வருடக்கணக்காகிறது.

சக்மா தாத்தாவின் மனைவிக்கு மறுபடி ஸ்கேன். திரும்பி வந்தவர் அதே வார்த்தையைச் சொன்னார், போன பிறவி, பாவம். தாத்தா, கன்மம்தான், பொறுத்துத்தான் ஆக வேண்டும் என்றார். நைனா எழுந்துவிட்டார். "சேரியில எங்கம்மா தாகத்துக்குச் செத்தாலும் ஊர்க் கிணத்துல இறங்க விடல. அதுவும் போன ஜென்மத்துப் பாவம்னுதான் சொன்னான். அதே வார்த்தைய புத்தர் பேர்ல சொல்லாதீங்க."

அம்பேத்கர் இதைத்தான் கேட்டார். மறுபிறவியும் கன்மமும், ஆத்மா இல்லை என்ற போதனையும் எப்படி ஒத்துப்போகும்? துக்கத்தைப் பற்றிய நான்கு உண்மைகளும் புத்தர் சொன்னவைதானா, பிற்காலப் பிட்சுகள் சேர்த்தவையா என்றுகூடக் கேட்டார். வாழ்வே துக்கம் என்றால் ஏழைக்கு நம்பிக்கை எங்கே என்பது அவர் கவலை. இதை நான் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லத் தாத்தாவின் முகம் சுருங்கியது. ராத்திரிச் சாப்பாட்டை அறைக்கே அனுப்பினேன்.

மே 18, ஞாயிறு

காலை ஆறு மணிக்குத் தாத்தா கீழே வந்தார். கையில் பழைய நோட்டு, வங்காளி எழுத்தில் பாலி. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்றார்.

சீவகன் என்ற பரிவிராஜகன் (ஊர் சுற்றும் துறவி) புத்தரிடம் கேட்கிறான்: மனிதன் படும் இன்ப துன்பம் எல்லாம் முன்வினையால்தான் என்று சிலர் சொல்கிறார்களே? புத்தர் எட்டுக் காரணம் சொல்கிறார். பித்தம். சிலேத்துமம். வாதம். மூன்றும் கலந்தது. பருவம் மாறுவது. உடம்பைத் தாறுமாறாக நடத்துவது. பிறர் தாக்குவது. எட்டாவதுதான் வினைப்பயன். எல்லாமே முன்வினை என்பவர்கள் கண்ணால் காண்பதையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள், அது தவறு என்று முடிக்கிறார்.

நைனா விரல் விட்டு இரண்டு தடவை எண்ணினார். "எட்டுல ஒண்ணு," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இத ஏன் எங்களுக்கு யாருமே சொல்லல?"

தாத்தா அப்போதுதான் தன் கதையைச் சொன்னார். கர்ணபுலி ஆற்றின் குறுக்கே கப்தாய் அணை கட்டியபோது அவருக்குப் பத்து வயது. இப்போது வங்கதேசத்தில் இருக்கும் சிட்டகாங் மலைப்பகுதியில் ஏறக்குறைய 1,00,000 பேர் ஊரை இழந்தார்கள், பெரும்பாலும் சக்மாக்கள். நல்ல விளைநிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு தண்ணீருக்குள் போனது. அவர்கள் வீட்டு வாசலில் நின்ற பலாமரத்தின் உச்சி மட்டும் கடைசி வரை தெரிந்ததாம். "அன்று எங்கள் அம்மாவும் என்ன பாவம் என்றுதான் அழுதாள். அது ஏழாவது காரணம், பிறர் செய்தது. எனக்குத் தெரிந்தும் நேற்று என் மனைவியிடம் எட்டாவதைச் சொன்னேன்."

மறுபிறவியை அவர் விடவில்லை. நைனா ஏற்கவும் இல்லை. ஒரே தட்டில் இட்லி சாப்பிட்டார்கள்.

மே 20, செவ்வாய்

பண்டிதர் பிறந்த நாள், 1845. துக்கம் எதிலிருந்து எது என்று தொடர்வதைச் சொல்லும் பன்னிரண்டு நிதானங்கள் மணிமேகலையின் முப்பதாவது காதையில் இருக்கின்றன. அறவணர் காஞ்சியில் மணிமேகலைக்குச் சொல்வதாக வரும். நைனா இன்று அதைத் தமிழில் சொல்ல, தாத்தா பாலியில் சொல்ல, பிட்சு செல்போனில் பிறவிச் சுழலை வரைந்த பவச்சக்கரப் படத்தைக் காட்ட, என் சமையற்கட்டு மேசையில் மூன்றும் ஒன்றாக ஓடின.

பேதைமை: அவிஜ்ஜா. படத்தில் கோல் ஊன்றிய குருடன். செய்கை: சங்காரா. படத்தில் குயவன். "நம்ம கொசப்பேட்டை!" என்றார் நைனா. உணர்வு: விஞ்ஞானம், மரத்துக்கு மரம் தாவும் குரங்கு. அருவுரு (மனமும் உடலும்), படகு. வாயில் (ஐந்து புலனும் மனமும்), ஆறு ஜன்னல் வைத்த வீடு. ஊறு (தொடுகை): பஸ்ஸ, இருவர் தழுவி நிற்கிறார்கள். நுகர்ச்சி, கண்ணில் அம்பு தைத்தவன். வேட்கை: தண்ஹா, குடிப்பவன்.

அந்த இடத்தில் எல்லாரும் நின்றோம். தண்ஹா என்றால் பாலியில் தாகம். நம் வேட்கையும் தாகம்தான். நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டுகிற இந்த வேலூர் மத்தியானத்தில் அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. பிறகு பற்று, பழம் பறிப்பவன். பவம் (அடுத்த பிறவிக்கு வித்து), கர்ப்பிணி. தோற்றம் (பிறப்பு), பிரசவம். கடைசியில் வினைப்பயன் (மூப்பும் சாவும்), பிணம் சுமப்பவன். பேதைமை அற்றால் செய்கை அறும், செய்கை அற்றால் உணர்வு அறும் என்று கண்ணி கண்ணியாகக் கழல்வதும் உண்டு.

"கிணத்த மூடி வச்சவனுக்கும் அணை கட்டினவனுக்கும் பிடிச்சது இந்த ஒன்பதாவது," என்றார் நைனா, பற்றின் மேல் விரலை வைத்து. தாத்தா தலையாட்டினார்.

பிட்சு திடீரென்று, காஞ்சி இங்கிருந்து எவ்வளவு தூரம் என்றார். பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தான் என்றதும் அப்படியே எழுந்து நின்றுவிட்டார். மடத்தில் வருடக்கணக்காகப் படிக்கும் தர்க்கம் திக்நாகர் வகுத்தது. அவர் காஞ்சிப் பக்கத்துக்காரர் என்பது திபெத்து மரபு. நாளந்தாவின் தலைவராயிருந்த தர்மபாலரும் காஞ்சியில் பிறந்தவர். நாம் அங்கே பட்டுப்புடவைக்குப் போய் வருகிறோம்.

மே 27, செவ்வாய்

தாத்தாவும் மனைவியும் கிளம்பினார்கள். மருந்து மூன்று மாதத்துக்கு.

என் பையனின் காலேஜுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்கப் போன இடத்தில், பௌத்தம் என்று போட்டால் எஸ்.சி. கிடையாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். பௌத்தரான பட்டியல் சாதியினருக்கும் உரிமை உண்டு என்று 1990இலேயே சட்டம் திருத்தப்பட்டது. தாளை அச்சடித்து எடுத்துக்கொண்டு மறுபடி போவேன்.

ஜூன் 11, புதன்

பிட்சுவின் சாகா தாவா (திபெத்து வைசாகம்) பௌர்ணமி. போன மாதம் நைனாவோடு ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டவர், இந்த மாதம் பிறந்ததிலிருந்து கறி தொடவில்லை. இன்று ஏழு கிண்ணத்தையும் எங்களையே நிரப்பச் சொன்னார். நைனா கை நடுங்கி இரண்டு சொட்டு சிந்தினார்.

தாத்தா இருந்த அறைக்குச் சித்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது. பித்தப்பைக் கல். சாயங்காலம் அந்த அம்மா படிக்கட்டில் உட்கார்ந்து, "ஏம் பாபம் சேசானோ" என்றார். மோரைக் கொடுத்துவிட்டு இந்தத் தடவை நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த தெலுங்கில், அவர் விரல்களையே பிடித்து ஒவ்வொன்றாக எண்ணினேன். முதல் விரல் பித்தம். எட்டு வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஃபைலைப் பிரித்து ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்து என் பக்கம் நீட்டினார். "இதில் அந்த முதல் விரல் எங்கே இருக்கிறது, பார்த்துச் சொல்லம்மா."