நிலவுப் பாறையின் மஞ்சள் விளிம்பு

நாசா எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கும் நிலவுப் பாறைப் படங்களில், அப்பல்லோ 11 கொண்டுவந்த பசால்ட் எனும் எரிமலைப் பாறைகளின் சீவல்களை நான் அடிக்கடி திறந்து பார்ப்பதுண்டு. கல்லை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, ஒளி ஊடுருவும்படி செய்து, நுண்ணோக்கியில் வைத்து எடுத்த படங்கள் அவை. வெள்ளைப் பட்டைகளாகக் கிடப்பது பிளாஜியோகிளேஸ் என்ற கனிமம். ஒளியே புகாத கரிய துண்டுகள் இல்மனைட். இவற்றுக்கு இடையில் இளம்பழுப்பு நிறத்தில் நிரம்பியிருப்பது பைராக்சீன். அந்தப் பைராக்சீனின் மணியொன்றின், அதாவது படிகத் துணுக்கொன்றின், நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் கண்ணை நகர்த்திக்கொண்டே போனால், நிறம் மெல்ல ஆழ்ந்து, சில மணிகளின் கடைசி விளிம்பில் மஞ்சளாக மாறும். அந்த மஞ்சள் விளிம்பின் பெயர் பைராக்ஸ்ஃபெரோயிட்.

1969 ஜூலையில், நிலவில் அமைதிக்கடல் என்று பெயர்பெற்ற கரிய சமவெளியிலிருந்து வந்த ஏறத்தாழ 21.5 கிலோ கல்லிலும் மண்ணிலும் அறிவியலுக்குப் புதிதாக மூன்று கனிமங்கள் கிடைத்தன. ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் ஆகிய மூவரின் பெயரெழுத்துகளைச் சேர்த்து ஆர்மால்கொலைட் என்று ஒன்றுக்குப் பெயரிட்டார்கள்; இறங்கிய இடத்தின் பெயரால் டிராங்குவிலிட்டியைட் என்று இன்னொன்று. மூன்றாவதான பைராக்ஸ்ஃபெரோயிட்டுக்கு இத்தகைய பெருமைகள் எவையும் வாய்க்கவில்லை. மாங்கனீசு மிகுந்த பைராக்ஸ்மாங்கைட் என்ற கனிமத்தில் மாங்கனீசின் இடத்தில் இரும்பு அமர்ந்தால் கிடைப்பது இது என்பதால், வேதியியல் கணக்குப்படி பெயர் வந்தது. எனக்கென்னவோ மூன்றிலும் அதிகம் பேசத் தக்கது இதுதான் என்று தோன்றுகிறது.

அடிப்படையில் இது இரும்பும் சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த இரும்புச் சிலிக்கேட். உலோக அணுக்களுக்கான இடங்கள் நூறு என்று கொண்டால், அவற்றில் ஏறத்தாழ 85 இரும்புக்கும் 15 கால்சியத்துக்கும் போகும். மக்னீசியமும் மாங்கனீசும் சிறிதளவு ஒட்டிக்கொண்டிருக்கும். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 3.7 கிராம்; குவார்ட்சின் அடர்த்தி 2.65 என்பதோடு ஒப்பிட்டால் இரும்பின் கனம் புரியும். படிகத்தின் மூன்று அச்சுகளும் ஒன்றுக்கொன்று சாய்ந்தே நிற்கும் டிரைகிளினிக் வகையைச் சேர்ந்தது.

பைராக்சீனிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது உள்ளே ஓடும் சங்கிலியின் அமைப்பு. ஒரு சிலிக்கன் அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள் நான்கு முனைகளாக நிற்கும் நான்முகிகள் முனையோடு முனை இணைந்து, தொடுத்த பூச்சரம்போல் நீளமாக ஓடுகின்றன. இரண்டு மல்லிக்கு ஒரு கனகாம்பரம் என்று தொடுக்கும் சரத்தில் அந்தக் கோலம் திரும்பத் திரும்ப வருவதைப்போல, சங்கிலியிலும் ஒரு கோலம் திரும்பி வரும். பைராக்சீனில் இரண்டு நான்முகிகளுக்கு ஒரு முறையும், வொல்லாஸ்டனைட்டில் மூன்றுக்கு ஒரு முறையும், ரோடோனைட்டில் ஐந்துக்கு ஒரு முறையும் அது திரும்புகிறது. பைராக்ஸ்ஃபெரோயிட்டில் ஏழுக்கு ஒரு முறை. சங்கிலிகளுக்கு இடையில் அமரும் உலோக அணுக்களின் அளவுக்கு ஏற்ப, சங்கிலி அங்கங்கே வளைந்து இடங்கொடுக்க வேண்டியிருப்பதால்தான் இந்த வேறுபாடு.

இனிமேல்தான் சிக்கல். 1970-களின் தொடக்கத்தில் ஆய்வகத்தில் இதைச் செயற்கையாக உருவாக்க முயன்றவர்களுக்கு, 10 கிலோபாருக்கு (காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு) மேற்பட்ட அழுத்தமும் 1,100 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும் தேவைப்பட்டன. பூமியில் அத்தகைய அழுத்தத்தைச் சந்திக்க 35 கிலோமீட்டர் அளவுக்குக் கீழே போக வேண்டும். ஈர்ப்பு குறைந்த நிலவிலோ ஏறத்தாழ 200 கிலோமீட்டர். ஆனால் அமைதிக்கடலின் பசால்ட், தரையில் வழிந்தோடி உறைந்த எரிமலைக் குழம்பு. வாயுக் குமிழிகள் விட்டுச்சென்ற ஓட்டைகளை அந்தக் கற்களில் வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். அழுத்தமே இல்லாத இடத்தில், அழுத்தத்தில் மட்டும் நிலைக்கக்கூடிய கனிமம் எப்படி வந்தது?

விடை அந்த விளிம்பிலேயே இருக்கிறது. குழம்பு குளிரும்போது முதலில் உருவாகும் மணிகள் மக்னீசியத்தை எடுத்துக்கொண்டு விடுகின்றன. எஞ்சும் திரவத்தில் இரும்பின் பங்கு ஏறிக்கொண்டே போய், கடைசியில் மணிகளின் இடுக்குகளில் அடிமண்டியாகத் தேங்கி நிற்பதில் மக்னீசியம் பெயரளவுக்குத்தான் இருக்கும். அந்தச் சொட்டு நிதானமாகக் குளிர்ந்திருந்தால், இரும்பு மிகுந்த ஆலிவின் கனிமமான ஃபயலைட், கால்சியமும் இரும்பும் கொண்ட ஹெடன்பர்கைட், வெறும் சிலிக்கா என மூன்றாகப் பிரிந்திருக்கும். குறைந்த அழுத்தத்தில் இம்மூன்றும் சேர்ந்த கூட்டணிதான் நிலையானது. பிரிவதற்கு நேரமில்லாமல் வெப்பம் சட்டென்று இறங்கியதால், அருகிலிருந்த பைராக்சீன் மணியின்மேல் அது அப்படியே படிந்து, பைராக்ஸ்ஃபெரோயிட்டாக உறைந்துவிட்டது.

இந்தக் கனிமத்தை ஆய்வகத்தில் 900 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி வைத்தால் சில நாள்களிலேயே சிதையத் தொடங்குகிறது. ஆகவே, இது முழுதாகக் கிடைக்கும் குழம்பு, அந்த வெப்ப எல்லையைச் சில நாள்களுக்குள்ளேயே தாண்டிக் குளிர்ந்திருக்க வேண்டும். மெல்லிய படலமாகப் பரவிய குழம்புக்குத்தான் அந்த வேகம் இயலும். அதன்பின் நடந்தது எல்லாம் குளிரின் தயவு: 350 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக, சிதைவதற்குப் போதிய வெப்பம் கிடைக்காமல் அது அப்படியே கிடந்திருக்கிறது. நீரும் தனி ஆக்சிஜனும் இல்லாத இடம் என்பதால் அதன் இரும்பு துருப்பிடிக்கவும் இல்லை; பக்கத்திலேயே தூய இரும்பு உலோகத்தின் நுண்மணிகள் பளபளப்பாகக் கிடப்பதும் இதே காரணத்தால்தான்.

சிதைந்ததன் தடயத்தையும் காண முடியும். செவ்வாயிலிருந்து தெறித்து வந்த லாஸ் ஏஞ்சலஸ் என்ற விண்கல்லிலும், அன்டார்டிகாவில் ஜப்பானியர்கள் கண்டெடுத்த அசுகா 881757 என்ற நிலவு விண்கல்லிலும், பைராக்சீன் மணிகளின் ஓரங்களில் ஃபயலைட்டும் ஹெடன்பர்கைட்டும் சிலிக்காவும் புழு நெளிந்ததுபோல் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பின்னலை மொத்தமாகக் கூட்டி வேதியியல் அளவைக் கணக்கிட்டால், வருவது பெரும்பாலும் பைராக்ஸ்ஃபெரோயிட்டின் அளவுதான். அந்தக் குழம்புகள் இன்னும் கொஞ்சம் நேரம் சூடாகவே இருந்திருக்கின்றன.