"ஏன் இன்னும் லயத்தில இருக்கினம்?"

மலைநாட்டில் லயங்கள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், இருக்கும் இடத்தில் மண்சரிவு என்று செய்தி வந்தால் யாழ்ப்பாணத்தில் எழும் முதல் கேள்வி இதுதான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போதும் எழுந்தது. மழைத்தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கிவிடும் சமதரையில் இருந்துகொண்டு அப்படிக் கேட்பது சுலபம்.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. ஆகவே சனம் சொல்வழி கேட்கவில்லை என்று முடிப்பது பெரும் அநியாயம். லயக்காம்பராவும் அது நிற்கும் நிலமும் அவர்களுடையவை அல்ல. மாற்றுக் காணி கையில் கொடுக்காமல் எழும்பச் சொன்னால் எங்கே போவது?

தற்காலிகமாக வெளியேறுவதும் லேசில்லை. எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவு முழுவதற்கும் வரும். தங்கள் வீடு நிற்கும் மலைச்சரிவு அசையுமா என்பதை அது சொல்லாது. இரண்டு இரவு பாடசாலையில் படுத்து, நாட்சம்பளம் இழந்து, திரும்பி வந்தால் வீடு அப்படியே நிற்கும். மூன்றாம் முறை கால் எழும்பாது.

அதனால் மழையைத் தாங்களே அளப்பது பெரிய உதவி. மண்சரிவு எச்சரிக்கை விடும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில் 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம். வாயும் அடியும் ஒரே அகலமான தகரப்பேணியை மரமும் கூரையும் மறைக்காத வெளியில் வைத்து அடிமட்டத்தால் அளந்தால் போதும்: ஏழரை சென்றிமீற்றர் என்றால் 75 மி.மீ. சோடாப் போத்தலின் அடி மேடுபள்ளமாக இருப்பதால் கணக்குப் பிழைக்கும். ஆனால் நாட்கணக்கில் ஊறிய மண்ணுக்கு 150 வரை காத்திருக்கக் கூடாது. மழை விட்ட பிறகும் சரியும்.

"மூன்று தலைமுறையாக ஒன்றும் நடக்கவில்லை" என்பார்கள். உண்மைதான். ஆனால் சரிவு பழைய சரிவு அல்ல. தேயிலை மலையின் கான்கள் துப்புரவாக்கப்படாமல் தூர்ந்தால், ஓடவேண்டிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். காம்பராவின் பின்பக்கம் செங்குத்தாக மண் வெட்டினால் மேலேயுள்ள மண்ணுக்கு முட்டு இல்லாமல் போகும்.

வீட்டுக்கு மேலே நிலம் வெடித்திருந்தால் வெடிப்பின் இருபுறமும் ஒவ்வொரு முளை அடித்து, இடைவெளியைக் காலையும் மாலையும் அளக்கலாம். வெடிப்பைக் களிமண்ணால் அடைத்து, மழைத்தண்ணீர் அதற்குள் போகாமல் திருப்பிவிட வேண்டும். இடைவெளி கூடினால் அன்றைக்கே வெளியேற வேண்டும். கதவு திடீரென்று இறுகுவது, மரங்கள் சாய்வது, புதிதாக ஊற்றுக் கிளம்புவது எல்லாம் அதே சேதிதான். மழைக்குள் ஓடை சட்டென்று வற்றினால் மேலே எங்கோ மண் அடைத்திருக்கிறது. ஓடையோடு கீழே ஓடாமல் பக்கவாட்டில் விலக வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

அட்டனிலோ பண்டாரவளையிலோ உறவுகள் இருந்தால், மழைநாளில் தொலைபேசியில் "பீலித்தண்ணி கலங்கியிருக்கோ, சுவரில புது வெடிப்பு ஏதும் இருக்கோ, இரவுக்கு எங்க படுப்பியள்?" என்று கேளுங்கள்.